ரிப்போர்ட் நார்மல், முழங்கால் நார்மல் இல்லை

எனக்கு இருப்பது அக்ரோமெகலி என்று கண்டுபிடித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்தாச்சு. எடுக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்துக்கு மாதா மாதம் ஊசி போகிறது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், இந்த நோயில் ஏறிவிடும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன் என் வயதுக்கு உரிய அளவுக்குள் வந்திருக்கிறது. டாக்டருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியை விடாமல்தான் இறங்கினேன். "அதான் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று நாத்தனார் போனில் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நிறைய பேருக்குப் புரிவதில்லை. அதனால் இதில் வலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், தலைவலி, சர்க்கரை, பிரஷர் கதையெல்லாம் இன்னொரு நாள்.

பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், ஒரு எலும்புக் குழிக்குள் இருக்கும் சுரப்பி. மொத்த எடையே அரை கிராம்தான் இருக்கும். அதிலிருந்து வரும் பல ஹார்மோன்களில் ஒன்று வளர்ச்சி ஹார்மோன். அது கல்லீரலுக்குப் போய் அங்கே ஐஜிஎஃப்-1 என்ற இன்னொன்றைச் சுரக்க வைக்கும், வளர்க்கும் வேலையில் பெரும்பங்கை அதுதான் செய்கிறது. இந்தச் சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி வந்து, அந்தக் கட்டி நிறுத்தாமல் வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டினால் அதுதான் என் நோய். புற்றுநோய் கிடையாது. சின்ன வயதில் வந்தால் ஆள் தாறுமாறாக உயரமாகிவிடுவார். எனக்கு வந்தது முப்பதுக்கு மேல், அதற்குள் எலும்பு நீளும் இடமெல்லாம் மூடிவிட்டிருக்கும், உயர வழியில்லை. ஆனால் ஹார்மோன் சும்மா இருக்குமா? கை, பாதம், தாடை, மூக்கு, நாக்கு, தோல், அப்புறம் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு என்று எது எது இன்னும் தடிக்க முடியுமோ அதையெல்லாம் தடிக்க வைக்கும்.

இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதுதான் இதன் சாமர்த்தியம். வருடக்கணக்கில், கூட இருப்பவர்களுக்கே தெரியாத வேகத்தில் நடக்கும். எனக்கு முதலில் சொன்னது மெட்டிதான். விரலைக் கவ்விப் பிடித்து, சுற்றிலும் சதை பிதுங்கி, கடைசியில் ஆசாரி ஒருவர் சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்துக் கொடுத்தார். "பிள்ளை பெத்த உடம்பு, கனத்துப் போச்சு" என்றார் அத்தை. கல்யாணத்தின்போது 2.4 வளையல் போட்டவள், 2.6க்குப் போய், 2.8க்குப் போய், கடைசியில் வளையல் கடைக்காரர் என்னிடம் கேட்காமலே 2.10 டப்பாவை எடுத்து வைக்கும் நிலைக்கு வந்தேன். செருப்பு லேடீஸ் பக்கத்திலிருந்து ஜென்ட்ஸ் பக்கத்துக்கு மாறியது. குரல் கட்டையாகி, போனில் பேசினால் "சொல்லுங்க சார்" என்றார்கள். இது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது, வயசு, எடை, பரம்பரை, தைராய்டு இருக்கலாம் என்று. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வலிக்கும் அப்படியே ஒரு காரணம் தயாராக இருந்தது. 2006இல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா அடித்தபோது எங்கள் தெருவில் அது வராத வீடு கிடையாது. அதற்கப்புறம் எங்கள் பக்கம் யாருக்கு மூட்டு வலித்தாலும், பத்து வருடம் கழித்து வலித்தாலும், "அந்தக் காய்ச்சல் போட்ட மூட்டு" என்று முடித்துவிடுவார்கள். எனக்கும் அதே தீர்ப்புதான். முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை, நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், உப்பு ஒற்றடம் எல்லாம் நடந்தது. நொச்சித் தண்ணீரைக் குறை சொல்ல மாட்டேன், சூட்டுக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், இன்றைக்கும் செய்கிறேன். ரத்தத்தில் முடக்குவாதத்தைக் காட்டும் ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை, யூரிக் ஆசிட் சரி, உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஈ.எஸ்.ஆர். சரி. அப்படியானால் வாதமும் இல்லை.

அப்புறம் எக்ஸ்ரே. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முழங்கால் எக்ஸ்ரேயில் டாக்டர்கள் முதலில் பார்ப்பது இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. அந்த இடைவெளியில்தான் குருத்தெலும்பு இருக்கிறது, ஆனால் அது எக்ஸ்ரேயில் தெரியாது, வெறும் இடமாகத்தான் தெரியும். சாதாரணத் தேய்மானத்தில் குருத்தெலும்பு கரைந்து இடைவெளி குறுகிவிடும். என் படத்தைப் பார்த்த எலும்பு டாக்டர், "கேப் அருமையா இருக்கும்மா, தேய்மானமே இல்ல, எடையைக் குறைங்க" என்றார். அவர் பார்த்தது சரி. இடைவெளி அருமையாகத்தான் இருந்தது, இருக்க வேண்டியதைவிடவும் அதிகமாக இருந்தது. அக்ரோமெகலியில் முதல் கட்டத்தில் குருத்தெலும்பு தடித்து இடைவெளி அகலமாகிவிடும் என்பதை ரொம்ப நாள் கழித்து வேறொரு டாக்டர் அதே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னார். வலிக்கு ஆதாரம் இல்லை என்று எந்தப் படத்தை வைத்துச் சொன்னார்களோ, அந்தப் படத்திலேயே ஆதாரம் இருந்திருக்கிறது.

நோயைப் பிடித்தது முழங்காலை வைத்து அல்ல, கையை வைத்து. ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு விரல்கள் மரத்துப்போய் எரியும், எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் ரத்தம் வந்ததுபோல் இருக்கும். நான் கணக்கு டீச்சர், போர்டில் எழுதிக்கொண்டே இருக்கும்போது சாக்பீஸ் விழுந்துவிடும், விழுந்தது கீழே சத்தம் கேட்டால்தான் தெரியும். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, கார்ப்பல் டனல் என்றார்கள், ஒரு சின்ன ஆப்பரேஷன் செய்யலாம் என்று மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். வயதானவர். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கையை அமுக்கிப் பார்த்தார், காலைக் காட்டச் சொன்னார். "மெட்டி எங்கம்மா?" என்றார். வெட்டி எடுத்த கதையைச் சொன்னேன். "பழைய போட்டோ ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்றார். பையில் ஆதார் அட்டைதான் இருந்தது. அதை வாங்கி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டு ஆப்பரேஷனைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை, ஹார்மோன் டாக்டருக்குச் சீட்டு எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் ஏதோ ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐஜிஎஃப்-1 அப்படி ஆடாது, ஆகவே முதலில் அது. எனக்கு அது எக்கச்சக்கமாக இருந்தது. அடுத்து 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் கீழே இறங்க வேண்டும், என்னுடையது அசையவில்லை. எம்.ஆர்.ஐ.யில் 18 மில்லிமீட்டர் கட்டி. 10 மில்லிமீட்டரைத் தாண்டினாலே பெரிய கட்டி என்றுதான் கணக்கு, இந்த நோயில் பெரும்பாலும் அப்படிப் பெரிதான பிறகுதான் பிடிபடுகிறது, ஏனென்றால் நோய் தொடங்கிக் கண்டுபிடிக்க ஐந்து முதல் பத்து வருடம் ஆவது உலகம் முழுக்க சகஜம். பத்து லட்சம் பேரில் 40 முதல் 70 பேருக்கு இருக்கும் நோய், எங்கள் ஊர் டாக்டர்கள் இதைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்தால் அதில் அவர்கள் தப்பு என்ன இருக்கிறது. 1886இல் பாரிஸில் பியர் மாரி என்ற டாக்டர் இதற்குப் பெயர் வைத்தபோதும் அவர் பார்த்தது கையையும் காலையும் முகத்தையும்தான்.

ஆப்பரேஷன் மூக்கு வழியாக. வெளியே தையல் கிடையாது, தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்து உள்ளே அடைத்தார்கள், அந்தத் தொடைத் தழும்புதான் வெளியில் தெரியும் ஒரே அடையாளம். குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கட்டியில் ஒரு பகுதி பெரிய ரத்தக் குழாயை ஒட்டிக்கொண்டிருந்ததால் அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். ஆனாலும் சில நாட்களிலேயே கை வீக்கம் வடிய ஆரம்பித்தது. வார்டில் படுத்துக்கொண்டு மோதிரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், சுற்றியது! விரல் மரத்துப் போவது நின்றது, நரம்பை அமுக்கிய நீரும் சதையும் குறைந்ததால் அது தானாகச் சரியானது. முகம் கொஞ்சம் மென்மையானது. வளையல் 2.8க்குத் திரும்பியது. அதற்குக் கீழே வரவில்லை, இனி வராது. சதை வடியும், எலும்பு வடியாது.

மூட்டும் அப்படித்தான். எனக்குச் சொல்லப்பட்டதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஹார்மோன் அதிகமாக இருந்த வருடங்களில் குருத்தெலும்பு வளர்ந்தது, ஆனால் தண்ணீர் விட்டுப் பதப்படுத்தாமல் அவசரத்தில் எழுப்பிய சுவர் மாதிரி தடிமன் இருந்ததே தவிர உறுதி இல்லை. தசைநார்களும் தளர்ந்து மூட்டு தேவைக்கு மேல் ஆடியது. அந்த ஆட்டத்தில் குருத்தெலும்பில் விரிசல் விழுந்து, விரிசல் விழுந்த இடத்தைச் சுற்றி எலும்பு முள் முளைத்து, மூட்டின் அமைப்பே மாறிவிட்டது. முதல் பாதி ஹார்மோனால் நடப்பது, ஹார்மோனைக் குறைத்தால் ஓரளவு திரும்பும். இரண்டாம் பாதி வெறும் இயந்திரக் கோளாறு, அது தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும், ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 எவ்வளவு என்று முழங்காலுக்குத் தெரியாது. நெதர்லாந்தில் லைடன் நகர மருத்துவக் குழு ஒன்று நோய் கட்டுக்குள் வந்து பல வருடங்கள் ஆனவர்களைத் தொடர்ந்து பார்த்து எழுதியிருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டுத் தொல்லை போகவே இல்லை, வாழ்க்கையை ரொம்பக் கெடுப்பதும் அதுதான் என்று. அதை டாக்டர் வாயால் கேட்ட அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. நானாகக் கற்பனை பண்ணவில்லை என்று தெரிந்ததே பெரிய விஷயம்.

"உடம்பு வலி" என்று மொத்தமாகச் சொன்னால் டாக்டருக்கும் உதவாது, நமக்கும் உதவாது. என் உடம்பில் இருப்பது ஒரு வலி இல்லை, ஐந்தாறு வலிகள், ஒவ்வொன்றும் வேறு இடத்திலிருந்து வருகிறது. முழங்கால் வலி படி இறங்கும்போது, ரொம்ப நேரம் உட்கார்ந்து எழும்போது வரும், நாலு அடி நடந்தால் குறையும், நானூறு அடி நடந்தால் திரும்ப வரும். அது மூட்டு. இடுப்புக்கு மேலே முதுகில் இருப்பது நாள் ஆக ஆக ஏறும் வலி, நின்றுகொண்டு பாடம் எடுத்த நாளில் சாயங்காலம் உச்சத்தில் இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: இந்த நோயில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் நன்றாக இருந்தாலும்கூட முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கலாம், அதனால் முதுகில் புதிதாக, திடீரென ஒரு வலி வந்தால் தைலம் தேய்த்துப் படுக்காமல் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். விரல் கணுக்களில் காலையில் ஒரு விறைப்பு இருக்கும், வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும், அதற்கு முன்னால் சட்டைப் பட்டனைக்கூடப் போட முடியாது, என் மகன் யூனிஃபார்ம் பட்டனைத் தானே போடக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

இன்னொன்று மூட்டில் இல்லாதது. சதை எல்லாம் அடித்துப் போட்டதுபோல் கனக்கும், குமட்டும், தலை சுற்றும், எரிச்சலாக வரும், படுத்தாலும் தீராது. ஆப்பரேஷனுக்குப் பிறகு என் பிட்யூட்டரியின் மீதிப் பகுதி சரியாக வேலை செய்யவில்லை, அதனால் காய்ச்சல் மாதிரி நெருக்கடியை உடம்பு தாங்கத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோன் குறைவு. அதற்கு ஈடாகக் காலையில் 10 மில்லிகிராம், மத்தியானம் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை. மத்தியான மாத்திரையை ஸ்டாஃப் ரூமில் மறந்துவிட்டால் சாயங்காலம் இந்த வலி வரும். இதற்கு வலி மாத்திரை போட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை, விட்டுப்போன மாத்திரையைத்தான் போட வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், இது உயிர் விஷயம், என் பர்ஸில் ஆதாருக்குப் பின்னால் ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். தைராய்டு குறைந்தாலும் சதை வலிக்கும். அதனால் வலி கூடினால் முதலில் நான் எனக்கே கேட்டுக்கொள்வது எங்கே என்று இல்லை, எந்த வகை என்றுதான்.

மாத ஊசிக்கு முந்தின வாரத்துக்கும் ஒரு தனி வலி உண்டு. மருந்து தீரும் நேரத்தில் எனக்கு வியர்வை கூடும், மோதிரம் இறுகும், விரல்கள் தடித்தது போலிருக்கும், காலெண்டரைப் பார்க்காமலே தேதி சொல்லிவிடுவேன். ஊசியின் பெயர் ஆக்ட்ரியோடைட், மெதுவாகக் கரையும் வகை. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1973இல் கிய்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வகம் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளைத் தேடப் போய், அதை அடக்கும் பொருளைக் கண்டுபிடித்தது, சொமட்டோஸ்டாட்டின். 1977இல் அவருக்கு நோபல் பரிசு. ஆனால் அந்த இயற்கைப் பொருள் ரத்தத்தில் சில நிமிடம்கூடத் தாங்காது, அதை ஒத்த, தாங்கக்கூடிய ஒன்றைச் செய்துதான் இந்த மருந்து வந்தது. பொடி ஒரு குப்பியில், கரைசல் தனியாக. மதுரையில் வாங்கி, ஐஸ் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்து பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குக் கொண்டு வருவேன். போடும் அன்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியில் வைக்க வேண்டும். கரைசலை விட்டதும் குலுக்கக் கூடாது, பொடி முழுக்க நனையும் வரை சும்மா விட வேண்டும், நனைந்த பிறகு மெதுவாக ஆட்டி, உடனே இடுப்புக்குக் கீழே ஆழமாகப் போட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஊசிக் குழாய் அடைத்துக்கொள்ளும். எங்கள் தெரு சிஸ்டர் இதில் இப்போது கெட்டிக்காரி, ஃபேனை நிறுத்திவிட்டு, யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கலக்குவார். ஒரு மாதம் வலப்பக்கம், ஒரு மாதம் இடப்பக்கம். போட்ட இடம் ஓரிரு நாள் கல்லாக இருக்கும், வயிறு கலங்கும். பித்தப்பையில் கல் வரும் என்றார்கள், வந்திருக்கிறது, சின்னதாக, தொந்தரவு தராமல் இருக்கிறது. விலையைப் பற்றிப் பேசினால் இன்னொரு வலி சேரும், சம்பளத்தில் கணிசமான பங்கு அந்தக் குப்பிக்குத்தான் போகிறது, அவ்வளவு சொன்னால் போதும்.

இந்த நோயில் ஒரு வேடிக்கை, பார்ப்பவர்களுக்கு நான் பலசாலி. அகன்ற கை, அகன்ற தோள், நீண்ட தாடை, கட்டைக் குரல். "வாட்டசாட்டமா இருக்கீங்க, உங்களுக்கென்ன டீச்சர்" என்பார்கள். பஸ்ஸில் எனக்கு யாரும் எழுந்து இடம் தர மாட்டார்கள், என்னைவிட நல்ல முழங்கால் உள்ள ஒல்லியான பெண்ணுக்குத் தருவார்கள். தேர்தல் பணியிலிருந்து விலக்குக் கேட்டு மருத்துவச் சான்றிதழோடு போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதத்தைப் படிக்காமல் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க?" வாக்குச்சாவடிப் பெட்டியை மாடிக்குத் தூக்கச் சொன்னால் தூக்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார். கடைசியில் கொடுத்தார்கள், ஆனால் அந்த நாற்காலியின் முன்னால் நிற்க வைத்தே கொடுத்தார்கள்.

பசங்களுக்கு என் பட்டப்பெயர் தெரியும், "கிரேட் காளி". மல்யுத்தம் பார்க்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வைத்தது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஏனென்றால் அந்தப் பெயரில் ஆடிய மல்யுத்த வீரருக்கு இருந்தது இதே கட்டிதான், பிட்யூட்டரியில், 2012இல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். ஒருநாள் வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். பெயர் வைத்தவர்கள் யாரோ, அவர்களுக்கே தெரியாமல் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், எனக்கு வருடக்கணக்கில் எந்த டாக்டரும் சொல்லாததை என்று. வகுப்பு கப்சிப். அதற்கப்புறம் என் பையையும் நோட்டுக் கட்டையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது அந்தக் கடைசி பெஞ்சுதான். பட்டப்பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அன்றாடம் எப்படி ஓட்டுகிறேன் என்றால், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்வதை விட்டுவிட்டேன், அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது, காய் நறுக்குவது மேசையில். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம், கல்யாண வீடுகளுக்குப் போவதற்கு முன்னால் மண்டபத்தில் அது இருக்கிறதா என்று விசாரிப்பேன், கேட்க வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் கேட்காமல் போய் மாட்டிக்கொண்டால் அதைவிட வெட்கம். பந்தியில் டேபிள் சேர் வந்தது யார் புண்ணியமோ. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்த முதல் படியின் உயரத்தைத்தான் யாராவது குறைத்தால் தேவலை, நான் முதலில் நல்ல காலை வைத்து, கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கும் வரை டிரைவர் பொறுக்க வேண்டும், சிலர் பொறுப்பார்கள். பழனிக்குப் படியேறுவது முடிந்த கதை. விஞ்ச்தான், கூட்டமில்லாத நாளாகப் பார்த்து. அத்தை மட்டும் இன்னும், "முருகன் கூப்பிட்டா ஏறிருவ" என்கிறார், நான் முருகனுக்கும் விஞ்ச் தெரியும் அத்தை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாத்திரை என்றால் பாரசிட்டமால், அளவோடு. அதைவிடக் கடுமையான வலி மாத்திரைகள் நன்றாகக் கேட்கும், ஆனால் எனக்கு பிரஷர் உண்டு, வயிறும் கிட்னியும் வேறு இருக்கிறது, அதனால் டாக்டர் சொன்ன நாட்களில் மட்டும், கடையில் நானாக வாங்கிப் போடுவதில்லை. உருப்படியாக உதவியது பிசியோதெரபிதான், அதிலும் மெஷின் வைப்பது அல்ல, தொடைத் தசையை வலுப்படுத்தும் எளிய பயிற்சி. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்கிப் பிடிப்பது, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பிடிப்பது. சலிப்பான வேலை, பலன் தெரிய மாதங்கள் ஆகும். எனக்கு மூட்டு ஏற்கெனவே அளவுக்கு மேல் ஆடுவதால் இழுத்து வளைக்கும் ஆசனங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், யோகா வகுப்புக்கு வா என்று கூப்பிடும் தோழிகளுக்கு இதை விளக்கி விளக்கி வாய் வலிக்கிறது. தூக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாக்கு தடித்து, தொண்டை குறுகி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இந்த நோயில் சகஜம், குறட்டை என்று வீட்டில் சிரிப்பார்கள். அதற்கு மூச்சுக் கருவி மாட்டித் தூங்க ஆரம்பித்த பிறகு வலி குறையவில்லை, ஆனால் அதே வலியைத் தாங்குவது சுலபமானது.

இதைப் படிக்கும் யாருக்காவது மூட்டு வலியோடு கூடவே செருப்பு சைஸ், மோதிரம், மெட்டி மாறிக்கொண்டே போனால், பல்லுக்கு இடையில் புதிதாகச் சந்து விழுந்தால், குளிர் காலத்திலும் வியர்த்து ஊற்றினால், டாக்டரிடம் ஐஜிஎஃப்-1 பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனைதான். பழைய போட்டோ ஒன்றையும் எடுத்துப் போங்கள்.

இப்போதைக்கு என் வீட்டில் ஓடும் விவாதம் வலது முழங்காலை மாற்றுவதா வேண்டாமா என்பது. எலும்பு டாக்டர், மூட்டு மாற்றிவிடலாம், முடிந்துவிட்ட மூட்டு என்கிறார். ஹார்மோன் டாக்டர், செய்யலாம், ஆனால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார், தடித்த நாக்கும் தாடையும் உள்ளவர்களுக்கு மூச்சுக் குழாய் இறக்குவது கஷ்டம், முதுகில் ஊசி போட்டுச் செய்தாலும் அதற்கும் தயாராக இருக்க வேண்டும், அன்றைக்கு ஹைட்ரோகார்ட்டிசோனும் ஊசியாக ஏற்ற வேண்டும். வீட்டுக்காரர் இணையத்தில் படித்துவிட்டு வந்து இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்கிறார், அத்தை ஆப்பரேஷனே வேண்டாம் என்கிறார். எனக்குக் கவலை எல்லாம் இடது முழங்காலைப் பற்றி. வலது தேறும் வரை மொத்த பாரத்தையும் அது சுமக்க வேண்டும், அதன் நிலைமையும் ஒன்றும் சொல்லிக்கொள்கிறாற்போல் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் கோடை விடுமுறையில் செய்துகொள்ளலாமா என்று எலும்பு டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், இரண்டு காலையும் சேர்த்து ஒரு புது எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.